குழந்தைகள் நலன்: சர்வதேச உறுதிமொழிகளுக்கான முன்னேற்ற அறிக்கையை ஒருங்கிணைப்பது எப்படி?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. அரசுத் துறை ஒன்றில் இருக்கிறார். குழந்தைகள் நலன் தொடர்பாக நாடு ஏற்றுக்கொண்ட சர்வதேச உறுதிமொழிகளின் முன்னேற்ற அறிக்கையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருக்கிறது. பல துறைகளுக்குக் கடிதம் போட்டாயிற்று. பாதிப் பேர் பதிலே போடவில்லை, பதில் போட்டவர்கள் திட்டங்களின் பெயர்ப் பட்டியலை அனுப்பியிருக்கிறார்கள். கெடு நெருங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?

இதில் அறிக்கை எழுதுவது சின்ன வேலை. நல்ல எழுத்துப் பழக்கம் உள்ள இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். போன அறிக்கையை ஆய்வு செய்த ஐ.நா. குழு கொடுத்த எந்தப் பரிந்துரைக்கு எந்தத் துறை பொறுப்பு, எந்த எண்ணுக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை முடிவு செய்வதுதான் பெரிய வேலை. அதைக் கெடு நெருங்கும் நேரத்தில் செய்ய முடியாது. போன ஆய்வு முடிந்து பரிந்துரைகள் கைக்கு வந்த மாதத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்யவில்லை என்றால் இப்போது நீங்கள்தான் செய்யவேண்டும், வேறு வழியில்லை. அதைத் தாண்டிக் குதித்து நேரே வரைவுக்குப் போனால் பக்கங்கள் நிறையும், உள்ளே ஒன்றும் இருக்காது.

முதலில், எதற்கெல்லாம் அறிக்கை தர வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பலரும் ஒன்றை மட்டுமே நினைக்கிறார்கள். நடுநாயகமாக இருப்பது குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றது, 1990 செப்டம்பர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது, 196 தரப்புகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அதன் 44ஆவது பிரிவின்படி சேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் முதல் அறிக்கை, பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர் அறிக்கை. ஆயுத மோதலில் சிறாரை ஈடுபடுத்துவது பற்றியும், குழந்தை விற்பனை, பாலியல் சுரண்டல் பற்றியும் 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டு விருப்ப நெறிமுறைகள் (உடன்படிக்கையோடு சேர்ந்த, விரும்பும் நாடுகள் தனியே ஏற்கும் ஒப்பந்தங்கள்) இருக்கின்றன. உங்கள் நாடு அவற்றில் சேர்ந்திருந்தால் அவற்றுக்கும் ஒருமுறை தனி அறிக்கை, அதன்பின் முக்கிய அறிக்கையிலேயே சேர்த்துக் கொடுக்கலாம்.

அதோடு முடிவதில்லை. குழந்தைத் தொழில் பற்றிய 138, 182 எண் உடன்படிக்கைகளுக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்குத் தொழிலாளர் துறை தனியே அறிக்கை அனுப்பிக்கொண்டிருக்கும். பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கை அறிக்கையில் குழந்தைத் திருமணம் வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு முழுக்கக் குழந்தைகளைப் பற்றியது. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் பார்க்கும், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் உலகளாவிய கால மீளாய்வு சுமார் நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை வரும், அதை வெளியுறவுத் துறை பார்க்கும். நிலைத்த வளர்ச்சி இலக்குகளுக்கான தன்னார்வ அறிக்கையைத் திட்டமிடல் துறை தயாரிக்கும். ஆப்பிரிக்க நாடாக இருந்தால் குழந்தைகளுக்கான ஆப்பிரிக்க சாசனத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

இவ்வளவையும் ஒரே நாள்காட்டியில் குறித்து வைத்தவுடன் ஒரு உண்மை தெரியவரும்: ஒரே கேள்விக்கு நாடு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. தன்னார்வ அறிக்கையில் ஒரு விழுக்காடு, பெண்கள் உடன்படிக்கை அறிக்கையில் இன்னொன்று, குழந்தைகள் அறிக்கையில் மூன்றாவது. இவை எல்லாமே பொதுவெளியில் இருக்கும் ஆவணங்கள். ஆய்வு செய்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஆகவே ஒருங்கிணைப்பாளருக்கு முதல் நட்பு வெளியுறவு, திட்டமிடல், தொழிலாளர் துறைகளில் இதே வேலை பார்ப்பவர்களோடு இருக்க வேண்டும். கடிதம் வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள். அவர்களும் உங்களைப் போலத்தான் தகவலுக்காகத் தட்டழிந்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது, அறிக்கையின் முதுகெலும்பு எது என்பது. உங்கள் நாட்டுக்குக் குழு கடைசியாகக் கொடுத்த இறுதிக் கருத்துரைதான். உடன்படிக்கையைக் கண்காணிக்கும், ஜெனீவாவிலுள்ள குழந்தை உரிமைகள் குழு ஒவ்வொரு ஆய்வுக்குப் பிறகும் கவலைகளையும் பரிந்துரைகளையும் பத்தி பத்தியாக எழுதிக் கொடுக்கும். அவற்றில் சிலவற்றை அவசர நடவடிக்கை தேவை என்று தனியே சுட்டியும் காட்டும். அடுத்த அறிக்கை அடிப்படையில் அதற்கான பதில். எத்தனையோ நாடுகளில் அந்த ஆவணத்தைக் களத்தில் உள்ள துறைகள் கண்ணால் பார்த்ததே கிடையாது. வெளியுறவுத் துறைக்கு வந்து, ஒருங்கிணைப்புத் துறைக்கு நகல் போய், கோப்பில் அடங்கிவிட்டிருக்கும்.

அதை எடுத்து உடையுங்கள். உடைப்பது என்றால் என்ன என்று ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பல நாடுகளுக்கும் குழு தவறாமல் சொல்லும் ஒன்று: எல்லா இடங்களிலும் உடல்ரீதியான தண்டனையைச் சட்டத்தின் மூலம் தடைசெய்யுங்கள், வன்முறையற்ற வளர்ப்பு முறைகளை ஊக்குவியுங்கள். படிக்க ஒரே வரி. யாருக்கு அனுப்புவது? கல்வித் துறைக்கு அனுப்பினால் “பள்ளிகளில் ஏற்கெனவே தடை உள்ளது” என்று ஒரு வரியில் பதில் வரும், கதை முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு வேலைகள் இருக்கின்றன. வீட்டில் அடிப்பதை நியாயப்படுத்தும் பிரிவு குற்றவியல் சட்டத்தில் இருந்தால் அதை நீக்குவது சட்டத் துறையின் வேலை. காப்பகங்களில் என்ன விதி, யார் பார்வையிடுகிறார்கள் என்பது சமூக நலத் துறையைச் சேர்ந்தது. சிறார் காப்பு நிலையங்கள் நீதித் துறைக்கோ சிறைத் துறைக்கோ கீழே இருக்கும். பள்ளியில் தடை இருந்தும் மீறல் நடந்தால் புகார் எங்கே போகிறது, எத்தனை புகாரில் நடவடிக்கை என்பதுதான் கல்வித் துறையிடம் கேட்கவேண்டிய கேள்வி. பெற்றோருக்கான வழிகாட்டுதல் சுகாதாரத் துறையின் தாய் சேய் நலப் பணியாளர்கள் மூலமாகப் போகலாம். இதற்கெல்லாம் அடிப்படை எண் ஏதாவது இருக்கிறதா என்பது புள்ளியியல் அலுவலகத்திடம்.

இப்படி உடைத்த ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு முதன்மைத் துறை. மற்றவை துணை. “கூட்டுப் பொறுப்பு” என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள் என்று பொருள். எந்தத் துறையும் ஏற்காத துண்டுகள் சில மிஞ்சும். தயவுசெய்து அவற்றை ஏதாவது ஒரு துறையின் பெயரில் ஒட்டிவிடாதீர்கள். தனியே எடுத்து வையுங்கள், மேல்மட்டக் கூட்டத்துக்கு அதைத்தான் கொண்டுபோக வேண்டும். என் அனுபவத்தில் அந்தச் சிறு பட்டியல்தான் மொத்த வேலையிலேயே மதிப்புள்ள தாள். தெருவோரக் குழந்தைகள், சிறையிலிருக்கும் தாய்மார்களோடு வளரும் குழந்தைகள், ஆவணமில்லாமல் எல்லை தாண்டி வந்த குழந்தைகள் போன்றவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். “தங்கள் துறையில் குழந்தைகள் நலனுக்காக மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள் குறித்த விவரங்களை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்” என்று எழுதினால் என்ன வரும்? கேட்டதுதான் வரும். நடவடிக்கைகளின் பட்டியல். அதிலும் பாதிக்கு மேல் “உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று முடியும். அது பதிலே இல்லை என்று கோபப்படுவதில் பயனில்லை, கேள்வியே அப்படி. கேள்வியை மாற்றுங்கள். “காப்பகங்களில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் குடும்பச் சூழலில் வளர்க்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. டிசம்பர் 31 அன்று பதிவுபெற்ற காப்பகங்களில் இருந்த குழந்தைகள் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டுகளுக்கும் தனித்தனியே? அவர்களில் 3 வயதுக்குக் கீழ் எத்தனை? அந்த ஆண்டில் குடும்பத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை?” இப்படிக் கேட்டால் பதில் எழுதும் வேலை மேலதிகாரியிடமிருந்து கீழே இறங்கி, பதிவேடு வைத்திருப்பவர் மேசைக்குப் போகும். உங்களுக்குத் தேவை அதுதான்.

அப்புறம், நீங்களே கடந்த அறிக்கையிலிருந்தும் பொதுவெளியிலுள்ள ஆண்டறிக்கைகளிலிருந்தும் முதல் பதிலை நிரப்பி அனுப்புங்கள். வெற்றுப் படிவத்தை நிரப்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் தன் துறையைப் பற்றித் தவறாக ஒன்று எழுதப்பட்டிருந்தால் அன்று மாலையே போன் வரும். இது கொஞ்சம் தந்திரம் போலத் தோன்றலாம், பரவாயில்லை, வேலை நடக்கும்.

எண்கள் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஒருங்கிணைப்பு சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

பள்ளி செல்லும் மாற்றுத்திறன் குழந்தைகள் எத்தனை பேர் என்று மூன்று துறைகளிடம் கேளுங்கள். மூன்று எண்கள் வரும். கல்வித் துறை தன் பள்ளிகளில் சேர்ந்தவர்களை எண்ணியிருக்கும். சுகாதாரத் துறை சான்றிதழ் வாங்கியவர்களை எண்ணியிருக்கும். சமூக நலத் துறை உதவித்தொகை பெறுபவர்களை எண்ணியிருக்கும். மூன்றும் சரி. மூன்றும் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. பள்ளிக்கே வராத, சான்றிதழும் இல்லாத குழந்தை மூன்றிலும் இல்லை. இங்கே ஒருங்கிணைப்பாளர்கள் வழக்கமாகச் செய்வது, மூன்றில் பெரிய எண்ணையோ அழகான எண்ணையோ எடுத்துப் போடுவது. செய்யாதீர்கள். மூன்றையும் அவற்றின் வரையறையோடு போடுங்கள், விடுபட்டவர்கள் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். குழுவில் இருக்கும் 18 பேரில் பலர் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், குழந்தைகளோடு நேரடியாக வேலை பார்த்தவர்கள். அந்த ஒரு வரியைப் படித்தவுடன் அறிக்கை எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

வயது வரம்பு இன்னொரு தலைவலி. உடன்படிக்கைக்கு 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடுகளோ ஒவ்வொன்றும் ஒரு வயதில் நிற்கும். பிறப்புப் பதிவு 5 வயதுக்கு உட்பட்டோரை எண்ணும். குழந்தைத் தொழில் 5 முதல் 17 வரை. குழந்தைத் திருமணமோ இன்றைய குழந்தைகளை எண்ணுவதே இல்லை. 20 முதல் 24 வயதுள்ள பெண்களிடம் 15 வயதுக்கு முன், 18 வயதுக்கு முன் திருமணம் ஆனதா என்று கேட்டு எடுக்கும் விழுக்காடு அது. ஆகவே அந்த எண் சில ஆண்டுகளுக்கு முந்தைய நிலைமையைத்தான் சொல்கிறது. போன வருடம் நிறைவேற்றிய சட்டத்தின் பலன் அதில் தெரியாது. “சட்டம் கொண்டுவந்தோம், விழுக்காடு குறைந்தது” என்று எழுதி மாட்டிக்கொண்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது உண்மை, சட்டத்தால் அல்ல.

பிறப்புப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப ஆய்வில் தாயிடம் கேட்டு எடுத்த விழுக்காடு ஒன்று இருக்கும். பதிவுத் துறை அந்த ஆண்டில் பதிவான பிறப்புகளை, மதிப்பிடப்பட்ட பிறப்புகளால் வகுத்து இன்னொன்று கொடுக்கும். பழைய பிறப்புகளைத் தாமதமாகப் பதிந்தவர்களும் அந்த ஆண்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டால் 100ஐத் தாண்டிய விழுக்காடுகூட வரும். 100ஐத் தாண்டிய எண் ஒரு வரைவில் கையெழுத்து வாங்கிப் பல மேசைகளைக் கடந்து வருவது நடக்காதது அல்ல.

குழந்தை இறப்பு விகிதத்துக்கு வேறு மாதிரிச் சிக்கல். யுனிசெஃப், உலக சுகாதார அமைப்பு, உலக வங்கி, ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு சேர்ந்த குழு ஒன்று 2004 முதல் எல்லா நாடுகளுக்கும் மதிப்பீடு வெளியிடுகிறது. கிடைக்கிற ஆய்வுகள், பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு போக்கு வரைந்து எடுப்பது அது. உங்கள் நாட்டு ஆய்வு எண்ணோடு அது பொருந்தாமல் போகலாம். ஜெனீவாவில் உட்காருகிறவர்களின் மேசையில் இரண்டும் இருக்கும். எங்கள் எண்தான் சரி என்று சண்டைக்குப் போகாமல், எந்த மூலம், எந்தக் காலம் என்று எழுதிவிட்டு, வித்தியாசத்தின் காரணத்தைப் புள்ளியியல் அலுவலகத்திடம் கேட்டு ஒரு குறிப்புச் சேருங்கள்.

ஒரு எண் ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது என்றும் கிடையாது. குழந்தைகளுக்கான உதவி எண்ணைத் தொடங்கிய பிறகு வன்முறைப் புகார்கள் கூடினால், வன்முறை கூடியது என்று அர்த்தமில்லை, சொல்ல ஒரு இடம் கிடைத்தது என்று இருக்கலாம். பதிவான குழந்தைத் திருமண வழக்குகள் குறைந்தால் திருமணங்கள் குறைந்ததாகவும் இருக்கலாம், புகார் வாங்க ஆளில்லை என்பதாகவும் இருக்கலாம். துறைகள் எப்போதும் தங்களுக்குச் சாதகமான வாசிப்பையே அனுப்பும். ஒருங்கிணைப்பாளர் அந்த இடத்தில் நிறுத்தி, “இதற்கு வேறு விளக்கம் உண்டா?” என்று கேட்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அட்டவணை வரி வைத்துக்கொள்ளுங்கள்: எண், அதன் வரையறை, வயது வரம்பு, எந்தத் தேதி அல்லது காலத்துக்கானது, எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது, கொடுத்த அலுவலரின் பதவி, அடுத்து எப்போது புதிது வரும். எக்செல் போதும். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் நாடுகளுக்குத் தரும் பரிந்துரைக் கண்காணிப்புத் தரவுத்தளம் இருக்கிறது. பராகுவே சிமோரே என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கி, பொதுமக்களும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது, பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. நல்லவைதான். ஆனால் எக்செல் வரியை ஒழுங்காக நிரப்பாதவர்கள் மென்பொருள் வந்தவுடன் நிரப்பிவிடுவார்கள் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

எண்ணைப் பிரித்துக் காட்டுவதையும் மறக்காதீர்கள். வயது, பாலினம், மாற்றுத்திறன், வசிக்கும் இடம், இனப் பின்னணி என்று பிரித்துத் தரும்படி குழு கேட்கும். தேசிய சராசரி பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. அதே சமயம், சின்ன எண்ணிக்கைகளைப் பிரிக்கும்போது கவனம். ஒரு மாவட்டத்தில் ஒரு காப்பகத்தில் ஒரு குறிப்பிட்ட வகைப் பாதிப்பில் இரண்டே குழந்தைகள் என்று அட்டவணை போட்டால் அந்தக் குழந்தைகள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டங்களைச் சேர்த்தோ மறைத்தோ காட்டுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், வரலாறு என்றாலும். 1990 செப்டம்பரில் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உலக உச்சி மாநாட்டில் 71 நாடுகளின் தலைவர்கள் கூடி, 2000க்குள் எட்ட வேண்டிய இலக்குகளை ஏற்றார்கள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது, எட்டினோமா என்று சொல்லப் பல நாடுகளிடம் தகவலே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் யுனிசெஃப் 1990களின் நடுவில் பல்குறியீட்டுக் குடும்ப ஆய்வுகளைத் தொடங்கியது. இன்றும் பல நாடுகளின் குழந்தைகள் பற்றிய எண்கள் அதிலிருந்துதான் வருகின்றன. உறுதிமொழி முதலில் வந்தது, அளவுகோல் பின்னால் வந்தது. உங்கள் அறிக்கையில் ஏதாவது ஒரு கேள்விக்கு “தகவல் இல்லை” என்று எழுத நேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம், எப்போது, யார் சேகரிக்கப் போகிறார்கள் என்று சேர்த்து எழுதுங்கள். மழுப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

பணத்துக்கு வருவோம். பெரும்பாலான ஒருங்கிணைப்புக் குழுக்களில் நிதித் துறை இருக்காது, இருந்தாலும் கூட்டத்துக்கு இளநிலை அலுவலர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆனால் உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு, கிடைக்கும் வளங்களின் உச்ச அளவுக்குச் செயல்பட வேண்டும் என்கிறது. உடன்படிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவாகக் குழு எழுதும் விளக்கத்துக்குப் பொதுக் கருத்துரை என்று பெயர்; 2016இல் வெளியிட்ட 19ஆவது பொதுக் கருத்துரை முழுக்க வரவு செலவுத் திட்டம் பற்றியது. குழந்தைகளுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது என்பது ஆய்வில் தவறாமல் வரும் கேள்வி. ஒதுக்கியதுக்கும் செலவானதுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லத் துறைகளுக்கு மனம் வராது. நிதித் துறையிடம் இறுதிக் கணக்கு இருக்கும், அங்கே வாங்குங்கள்.

அதிகாரம் பற்றியும் நேர்மையாகப் பேசவேண்டும். குழந்தைகள் நலத் துறை பல நாடுகளில் சிறிய துறை, செல்வாக்குக் குறைவு. அது கல்வி, உள்துறை, நிதி போன்ற பெரிய துறைகளுக்குக் கடிதம் எழுதினால் மதிப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2016இல், அறிக்கை அளிப்பதற்கும் பின்தொடர்வதற்குமான தேசிய அமைப்புகள் பற்றி ஒரு நடைமுறைக் கையேடு வெளியிட்டது. தற்காலிகக் குழுவாக ஒவ்வொரு அறிக்கைக்கும் கூடிக் கலைவதைவிட, நிரந்தரச் செயலகத்தோடு ஒரு அமைப்பு வேண்டும் என்பது அதன் சாரம். சரிதான். ஆனால் அமைப்பு வரும்வரை காத்திருக்க முடியாதே. ஒன்று செய்யலாம்: சுற்றறிக்கை உங்கள் துறையிலிருந்து போகாமல், அமைச்சரவைச் செயலகத்திலிருந்தோ பிரதமர் அல்லது அதிபர் அலுவலகத்திலிருந்தோ போகும்படி செய்யுங்கள். ஒவ்வொரு துறையிலும் ஒருங்கிணைப்பு அலுவலரைப் பெயர் சொல்லி நியமிக்காமல் பதவி சொல்லி நியமிக்கச் சொல்லுங்கள். பெயர் சொன்னால் அவர் மாற்றலாகிப் போனதும் தொடர்பு அறுந்துவிடும். கூடவே மாற்று அலுவலர் ஒருவர்.

கூட்டாட்சி நாடாக இருந்தால் இன்னொரு அடுக்கு சேரும். “அது மாநிலங்களின் அதிகாரம்” என்ற பதிலைக் குழு ஏற்பதில்லை. அதிகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதால் நாட்டின் பொறுப்பு குறையாது என்று 2003ஆம் ஆண்டின் 5ஆவது பொதுக் கருத்துரையிலேயே சொல்லிவிட்டார்கள்.

தொண்டு அமைப்புகள் விஷயத்தில் இரண்டு தவறுகளைப் பார்க்கிறேன். ஒன்று, அவர்களை எதிரிகளாக நினைத்து வரைவை மறைப்பது. இன்னொன்று, அவர்களையே வரைவில் கையெழுத்துப் போடவைக்க முயல்வது. அவர்கள் தங்கள் மாற்று அறிக்கையைத் தனியே குழுவுக்கு அனுப்புவார்கள். 45ஆவது பிரிவின்கீழ் குழு அதை வரவேற்கிறது. அரசு அறிக்கைக்கு ஆலோசனை கேளுங்கள், அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை என்று பதில் சொல்லுங்கள், அதோடு விடுங்கள். தேசிய மனித உரிமை ஆணையமும் அப்படியே. அதை அரசு அறிக்கையை எழுதச் சொன்னால் அதன் சுதந்திரம் போய்விடும். வெளி ஆலோசகரை வைத்து மொத்த அறிக்கையையும் எழுதவைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மொழி திருத்த, புள்ளிவிவரம் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்த நாளில் அவரோடு சேர்ந்து எல்லா விவரமும் வெளியே போய்விடும், ஜெனீவாவில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

குழந்தைகளின் கருத்தைக் கேட்பது 12ஆவது பிரிவு தரும் உரிமை. அதைக் கெடுக்கும் வழி எளிது: நன்றாகப் பேசும் நாலு பிள்ளைகளை மேடையேற்றி, எழுதிக் கொடுத்ததைப் படிக்கவைத்து, படம் எடுத்து இணைப்பில் சேர்ப்பது. அதற்குப் பதிலாகக் காப்பகத்தில், தடுப்பு நிலையத்தில், பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில், அவர்கள் நம்பும் ஒருவரை வைத்துக் கேளுங்கள். பேச விரும்பாதவர்களை விட்டுவிடுங்கள். அந்த இடத்தின் பொறுப்பாளர் அறையில் இருக்கக்கூடாது. சொன்னதற்காக எந்தப் பிள்ளைக்கும் பிறகு தொல்லை வராமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. கிடைத்ததை அறிக்கையில் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்று அவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்லவும் வேண்டும், இதைத்தான் யாரும் செய்வதில்லை.

எழுதும் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2014இல் பொதுச்சபை போட்ட வரம்பு: முதல் அறிக்கைக்கு 31,800 சொற்கள், தொடர் அறிக்கைக்கு 21,200. நாட்டைப் பற்றிய பொது விவரங்கள் எல்லா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான அடிப்படை ஆவணத்தில் போக வேண்டும். புவியியல், வரலாறு, அரசமைப்பு முறை எல்லாம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். அட்டவணைகள் இணைப்புக்குப் போகட்டும். எளிமைப்படுத்தப்பட்ட முறையில் குழு முதலில் கேள்விப் பட்டியல் அனுப்பும், அதற்கான பதிலே அறிக்கை. உங்கள் நாடு அந்த முறையில் இருந்தால் வேலை அந்தக் கேள்விகளில் மட்டும் குவிந்து இருக்கும், ஆனால் கேள்வி வருவதற்கு முன் எதையும் தொடங்க முடியாது என்று நினைக்கவேண்டாம். மேலே சொன்ன பரிந்துரை உடைப்பும் எண் அட்டவணையும் எந்த முறைக்கும் வேண்டியவை. இறுதி வரைவை ஒப்புதலுக்கு அனுப்பும்போது, எந்த வரியை எந்தத் துறை கொடுத்தது என்று ஓரத்தில் குறித்த படி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மேலிடத்தில் வரிகள் மென்மையாகும், “தவறியது” என்பது “சவால்கள் இருந்தன” ஆகும். எங்கே மாறியது என்று தெரிந்தால்தான் சபையில் சமாளிக்க முடியும்.

அறிக்கை கொடுத்து ஆய்வு நடக்க ஓராண்டுக்கு மேல் ஆவது சகஜம். அதற்குள் எண்கள் பழசாகிவிடும், ஆகவே எண் அட்டவணையைத் தொடர்ந்து புதுப்பித்து வையுங்கள். ஆய்வு வழக்கமாக மும்மணி நேர அமர்வுகள் இரண்டு. இணையத்தில் நேரலையாகப் போகும், உங்கள் நாட்டுத் தொண்டு அமைப்புகளும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூதுக்குழுவில் பதவியில் பெரியவர்கள் மட்டும் போனால், சிறார் நீதி பற்றிய நுணுக்கமான கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. பதிவேடு தெரிந்தவர்களையும் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் தலைநகரில் துறைக்கு ஒருவர் தொலைபேசியோடு விழித்திருக்கட்டும்.

ஆய்வு முடிந்து இறுதிக் கருத்துரை வந்தவுடன் செய்ய வேண்டியது: அதை நாட்டு மொழிகளில் பெயர்த்து வெளியிடுவது (அறிக்கைகளை மக்களுக்குப் பரவலாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 44ஆவது பிரிவே சொல்கிறது), பிள்ளைகள் படிக்கும் எளிய வடிவம் ஒன்று போடுவது, ஒரு மாதத்துக்குள் துறைகளைக் கூட்டிப் பரிந்துரைகளை உடைத்துப் பொறுப்பு பிரிப்பது. அந்த ஒரு மாதத்தில் விஷயம் சூடாக இருக்கும், அமைச்சர்களுக்குக்கூட நினைவிருக்கும். ஆறு மாதம் போனால் யாரும் வரமாட்டார்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறைகள் அட்டவணையைப் புதுப்பித்தால், அடுத்த அறிக்கைக் காலத்தில் உங்களுக்கு மிஞ்சுவது தொகுப்பு வேலை மட்டும்தான்.

உங்கள் இப்போதைய கெடுவுக்கு இதெல்லாம் முழுதாக முடியாது. கெடு மிக நெருங்கிவிட்டதென்றால் இந்த வாரம் இறுதிக் கருத்துரையை உடையுங்கள், குழு அவசரம் என்று சுட்டிய பகுதிகளுக்கு மட்டும் மேலே சொன்ன மாதிரிக் கேள்விகளை அனுப்புங்கள், மற்றவற்றுக்கு ஏற்கெனவே வெளியான ஆண்டறிக்கைகளிலிருந்து நிரப்பித் துறைகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நீங்களும் ஒருநாள் மாற்றலாகிப் போவீர்கள். பரிந்துரை அட்டவணை, எண் அட்டவணை, ஓரக்குறிப்புள்ள வரைவு, ஒருங்கிணைப்பு அலுவலர்களின் பதவி வாரியான தொடர்புப் பட்டியல், யாரும் ஏற்காத துண்டுகளின் பட்டியல் ஆகிய ஐந்தையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைக்காமல் துறையின் பொதுக் கோப்பில் வையுங்கள்.